உயில் எழுதி 48 ஆண்டு கழித்து திறந்த பள்ளிக்கூடம்!
டிரஸ்டி நாற்காலி என்றால் சும்மாவா?

பாரிமுனையில் பஸ்சுக்கு நிற்பவர்கள் தினமும் பார்க்கும் கட்டிடம் அது. ஐகோர்ட்டுக்கு எதிரே, கிரேக்க நாட்டுக் கோவில் மாதிரி பெரிய பெரிய தூண்களோடு நிற்கிறது, பச்சையப்பன் மண்டபம்.

கோர்ட்டுக்கு எதிரே அது நிற்பது பொருத்தம்தான். அந்தக் கல்வி தர்மம் உருவானதே ஒரு கோர்ட்டு வழக்கில்தான்!

40 வயதில் மரணம்

பச்சையப்ப முதலியார் 1754-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். தகப்பனார் முகம் பார்க்காத பிள்ளை. வெள்ளைக்காரர்களுக்கு துபாஷாக இருந்து, லட்சக்கணக்கில் சம்பாதித்தார்.

1794-ல் தஞ்சைச் சீமையில் இருந்தபோது நோயில் படுத்தார். "இனி பிழைக்க மாட்டோம்" என்று தெரிந்ததும் உயில் எழுதினார். சொத்தில் பெரும் பங்கு கோவில் தர்மத்துக்கு. அந்த ஆண்டு மார்ச் மாதமே இறந்து போனார்.

உயில் இருந்தது. பணமும் இருந்தது. தர்மம் மட்டும் நடக்கவில்லை!

பணம் யார் கையில்? கணக்கு காட்ட வேண்டியவர் யார்? குடும்பத்துக்குள் வழக்கு. வருடக்கணக்கில் இழுத்தது. பணத்துக்கு வட்டி ஏறியதே தவிர, ஒரு பிள்ளைக்குக்கூட அதனால் பலன் இல்லை.

அரசு வக்கீல் வந்தார்

கடைசியில் அட்வகேட் ஜெனரல் வழக்கைக் கையில் எடுத்தார். அந்தப் பதவியில் இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. கோவில் தர்மத்துக்கு ஒதுக்கியது போக, மிச்சப் பணம் படிப்புக்கு! அதை நடத்த டிரஸ்டிகள் நியமனம் ஆனார்கள்.

1842-ல் பள்ளிக்கூடம் திறந்தது. உயில் எழுதி 48 ஆண்டு! 1889-ல் அது முதல்தரக் கல்லூரி ஆனது. 1940-ல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. கணித மேதை ராமானுஜம் படித்ததும் (எப்.ஏ. பரீட்சையில் கோட்டை விட்டதும்) இங்கேதான். பேரறிஞர் அண்ணா பட்டம் வாங்கியதும் இங்கேதான்.

சென்னை, காஞ்சீபுரம், கடலூர் என்று இன்று 6 கல்லூரிகள் இந்த டிரஸ்டின் கையில் இருக்கின்றன.

2 பேர் போதும்!

கல்லூரி டிரஸ்டி என்றால் விழா மேடையில் மாலை வாங்குகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. வாத்தியார் நியமனம், கட்டிட வாடகை, நிலம், பாங்கி கணக்கு எல்லாம் அவர் கையெழுத்தில் நிற்கும். அதே சமயம், அந்தப் பணத்தில் ஒரு பைசா லாபம் தனக்கென்று எடுக்க அவருக்கு உரிமை கிடையாது.

தப்பு நடந்தால் யார் கேட்பது?

1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம், 92-வது பிரிவு வழி சொல்கிறது. பொது தர்மத்துக்காக அட்வகேட் ஜெனரல் வழக்கு போடலாம். அவர்தான் வர வேண்டும் என்பதில்லை. அந்த தர்மத்தில் அக்கறை உள்ளவர்கள் 2 பேர் சேர்ந்து, கோர்ட்டு அனுமதி வாங்கி வழக்கு போடலாம். டிரஸ்டியை நீக்க, புது டிரஸ்டியை நியமிக்க, கணக்கு கேட்க, நிர்வாகத்துக்கு "ஸ்கீம்" போட்டுக் கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

பச்சையப்பன் டிரஸ்டும் இதற்கு விலக்கு இல்லை. சமீப காலத்திலும் நிர்வாகத் தகராறு வந்து, ஓய்வு பெற்ற நீதிபதியை ஐகோர்ட்டு இடைக்கால நிர்வாகியாக உட்கார வைத்தது உண்டு.

சொத்து எழுதி வைத்தவர் கல்லூரியைக் கண்ணால் பார்க்கவில்லை. தன் பேரில் கல்லூரி வரும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. பின்னால் வந்தவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்த பிறகுதான் அங்கே முதல் மணி அடித்தது!