பாட்டுப் பட்டியல் போடலாம், பகிரலாம்

பிடித்த பாடல்களை வரிசையாகச் சேர்த்து, தொட்டவுடன் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதுதான் பிளேலிஸ்ட் (பாட்டுப் பட்டியல்). ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: அந்தப் பட்டியலில் இருப்பது பாட்டு அல்ல, பாட்டின் முகவரி. பாட்டு, நீங்கள் கேட்கும் செயலியை (ஆப்) நடத்தும் நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

எந்தச் செயலி? யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் எதுவானாலும் சரி. உங்கள் வீட்டாரும் நண்பர்களும் எதில் கேட்கிறார்களோ, அதையே எடுத்துக்கொண்டால் பகிர்வது சுலபம்.

எப்படிச் சேர்ப்பது? பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், பட்டியலில் சேர்க்கும் வசதி வரும். பட்டியலுக்கு ‘பிடித்தவை’ என்று பெயர் வைத்தால் கண்டதெல்லாம் அதில் குவியும். ‘காலை நடை’, ‘ஊருக்குப் போகும்போது’ என்று வையுங்கள். எது சேரும், எது சேராது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தேடினால் வேறு பாட்டு வருகிறதா? பாட்டின் முதல் வரியோடு படத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். சேர்க்கும் முன் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அது கவர் (வேறொருவர் பாடியது) ஆகவோ, கரோக்கி (பாடகர் குரல் இல்லாத இசை) ஆகவோ இருக்கலாம்.

எத்தனை பாட்டு போதும்? பழைய 60 நிமிட கேசட்டின் அளவு இன்றைக்கும் பொருந்தும்: பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு.

டேட்டா எவ்வளவு போகும்? விநாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 72 எம்.பி. அதே பாட்டை வீடியோவாக ஓடவிட்டால் இன்னும் பல மடங்கு ஆகும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் வெளியில் செலவில்லை. ஆனால் பல செயலிகளில் இந்த வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும்.

எப்படிப் பகிர்வது? ‘ஷேர்’ என்பதைத் தொட்டு, வரும் இணைப்பை (லிங்க்) வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முகவரி மட்டுமே போவதால் இதில் சட்டச் சிக்கல் இல்லை. பாட்டையே கோப்பாக நகலெடுத்து அனுப்புவது வேறு விஷயம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1970-களின் பாடல்களும் இன்னும் அதற்குள் அடக்கம்.

‘திறக்கவில்லையே’ என்கிறார்களா? யூடியூபில் பட்டியலை ‘பிரைவேட்’ என்று வைத்திருப்பீர்கள். ‘அன்லிஸ்டட்’ என்று மாற்றினால் இணைப்பு கையில் உள்ளவர்கள் கேட்கலாம். ‘பப்ளிக்’ என்றால் யாரும் பார்க்கலாம். உங்கள் கணக்கின் பெயரும் கூடவே தெரியும்.

சேர்ந்து தொகுக்க முடியுமா? முடியும். ஸ்பாட்டிஃபையில் மற்றவர்களையும் பட்டியலுக்குள் அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் பாட்டைச் சேர்ப்பதோடு நீக்கவும் முடியும் என்பதால் பார்த்து அழையுங்கள்.

சேர்த்த பாட்டு காணாமல் போகுமா? போகலாம். 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்ததால் ஜீ மியூசிக் பாடல்கள் ஸ்பாட்டிஃபையில் இருந்து அகற்றப்பட்டன. செயலியே மூடப்படுவதும் உண்டு; விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் 2024-இல் அறிவித்தது. ஆகவே அவ்வப்போது பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாட்டு, படம், பாடியவர் மூன்றும் தெரிந்தால் போதும், வேறு செயலியில் அதே பட்டியலைத் திரும்பப் போட்டுவிடலாம்.