தின்னர் ஊற்றினால் பெயின்ட் மட்டுமா போகும்? பழைய பிளாஸ்டிக் மாடலைக் காப்பாற்றுவது எப்படி?

ஆதம்பாக்கத்தில் இன்று ஒரு தெருவுக்கு ஒரு வீடாவது இடிபட்டு அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கிறது. வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து இறங்கும் அட்டைப்பெட்டிகளில் சில சமயம் ஒரு பழைய பொக்கிஷமும் இருக்கும். எப்பவோ வெளிநாட்டில் இருந்து மாமா வாங்கி வந்த ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் விமானமாக இருக்கலாம், யாரோ பாகம் பாகமாக ஒட்டிய கப்பலாக இருக்கலாம். மேலே தடித்தடியாக பெயின்ட், அதற்கு மேல் தூசி. 'இதைச் சுத்தம் பண்ணி, புதுசா பெயின்ட் அடிச்சு ஷெல்ஃபில் வைக்கலாமே' என்று தோன்றும்.

பெயின்ட் கடையில் போய் "பழைய பெயின்ட்டை எடுக்கணும்" என்று கேட்டால் பெரும்பாலும் தின்னர் பாட்டிலைத்தான் நீட்டுவார்கள். இரும்பு கேட்டுக்கு அது சரி. பிளாஸ்டிக் மாடலில் ஊற்றினால் பெயின்ட்டோடு சேர்ந்து விமானமும் கரையும்.

புதுசா ஒன்று வாங்கலாமே என்கிறீர்களா? இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் ஏறியது. ஸ்கேல் மாடல்களும் அதே வரிப் பிரிவில்தான் வருகின்றன. அதனால் பரணில் இருந்து கிடைத்ததைக் காப்பாற்றுவது பர்ஸுக்கும் நல்லது. எப்படி என்று பார்ப்போம்.

பழைய பெயின்ட் மேலேயே அடித்தால் என்ன?

அடிக்கலாம். ஆனால் கணக்கு உதைக்கும். 1/72 அளவு மாடல் என்றால் நிஜ விமானத்தை 72 மடங்கு சுருக்கியிருக்கிறார்கள். அதில் 0.1 மில்லிமீட்டர் பெயின்ட், நிஜ விமானத்தில் 7.2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். ஏற்கெனவே பிரஷ்ஷில் இரண்டு கோட் அடித்த மாடலுக்கு மேலே இன்னும் இரண்டு கோட் போட்டால், தகடுகள் சேரும் கோடுகள், ரிவெட் புள்ளிகள் எல்லாம் மூழ்கிவிடும். அடியில் சிவப்பு நிறம் இருந்தால் அது வெள்ளையின் வழியாகக் கசிந்து பிங்க்காகத் தெரியும் ஆபத்தும் உண்டு.

தின்னர் ஏன் வில்லன்?

பெரும்பாலான மாடல் கிட்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. இந்தப் பெயர் புதுசாக இருக்கலாம், பொருள் புதுசு இல்லை. காற்றடைத்து நுரையாக்கினால் அதுதான் தெர்மாகோல். தெர்மாகோலில் பெட்ரோல் பட்டால் அது 'புஸ்' என்று சுருங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். டொலுயீன், அசிட்டோன் போன்றவை கலந்த தின்னரும், நெயில் பாலிஷ் ரிமூவரும் பாலிஸ்டைரீனுக்கு அதையேதான் செய்யும்.

மாடல் ஒட்டும் பசையும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அது சாதாரண கோந்து மாதிரி ஒட்டுவதில்லை. இரண்டு பாகங்களின் விளிம்பையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்குகிறது, அதாவது ஒரு வகை வெல்டிங். ஒரு துளி அளவில் ஒட்டுவதற்கு உதவும் அதே குணம், ஒரு டப்பா அளவில் மொத்த மாடலையும் காலி பண்ணிவிடும்.

இதனால் வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். எந்தத் திரவத்தைப் பயன்படுத்த நினைக்கிறீர்களோ, அதில் ஒரு துளியைத் தெர்மாகோல் துண்டில் விடுங்க. குழி விழுந்தால் அந்த பாட்டிலை அப்படியே மூடி வெச்சுடுங்க. விழவில்லை என்றால் உடனே 'ஓகே' என்றும் அர்த்தமில்லை. அடுத்து மாடலின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு துளி விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்க. அந்த இடம் பிசுபிசுப்பாகவோ வெளுத்தோ போகாவிட்டால்தான் அடுத்த ஸ்டெப்.

முதலில், அது பெயின்ட்தானா?

நம்ம ஊர் பிளாஸ்டிக் பொம்மை பஸ், அம்பாசடர் கார் போன்ற பலவற்றில் நிறம் பெயின்ட்டே இல்லை. பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்த்த நிறம். எதில் ஊற வைத்தாலும் அது போகாது. உள்பக்கத்தைப் பாருங்க. உள்ளேயும் அதே நிறம் என்றால் விட்டுவிடலாம், மேலே பிரைமர் அடித்தாலே போதும்.

இன்னொரு குழப்பம், யூடியூப் வீடியோக்கள். சின்ன உலோகக் காரில் பெயின்ட் ரிமூவரை ஊற்றியதும் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வருவதைப் பார்க்க ஜாலியாக இருக்கும். அந்தக் கார்களின் உடல் துத்தநாகக் கலவை உலோகம், அதனால் தாங்குகிறது. அதே ரிமூவரை பிளாஸ்டிக்கில் முயற்சி பண்ணாதீங்க.

எந்த வகை பெயின்ட் என்று கண்டுபிடிப்பது எப்படி?

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒரு ஓரத்தில் ஒரு நிமிடம் தேயுங்க.

நிறம் உடனே பஞ்சில் ஒட்டினால் அது பெரும்பாலும் அக்ரிலிக். எடுப்பதற்கு ஈஸியானது இதுதான்.

அசையவே இல்லை என்றால் எனாமலாக இருக்கலாம். பழைய மாடல்களில் ஹம்ப்ரால் போன்ற எனாமல்தான் அதிகம். எனாமல் வெறுமனே உலர்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைப்பின்னல் மாதிரி இறுகிவிடுகிறது. அதனால்தான் ஈரமாக இருக்கும்போது டர்பன்டைனில் கரையும் எனாமல், இருபது வருடம் கழித்து அதே டர்பன்டைனுக்கு மசிவதில்லை.

மூன்றாவது வகை லாக்கர். ஸ்ப்ரே கேன்களில் இது சகஜம். அதைக் கரைக்கும் திரவமே தின்னர் என்பதால் இதுதான் சிக்கலான கேஸ். பொறுமையாக ஆல்கஹாலில் ஊற வைத்து, இளகுகிற அளவுக்கு மட்டும் எடுப்பதே பாதுகாப்பு.

பக்கத்துக் கடையில் கிடைப்பதில் எது உதவும்?

மென்மையானதில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அடுத்ததுக்குப் போகணும்.

1. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்: சில மருந்துக் கடைகளிலும், சர்க்யூட் போர்டு துடைக்க ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலும் கிடைக்கும். அக்ரிலிக்குக்கு முதல் சாய்ஸ். பாலிஸ்டைரீனைக் கரைக்காது. ஆனால் கண்ணாடி மாதிரியான ஜன்னல் பாகங்களில் நுண்ணிய விரிசல் விடலாம், அவற்றைக் கழற்றி வைத்துவிடணும். இதன் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்குச் சேரும். சென்னையில் வருடம் முழுக்க வெப்பம் அதற்கு மேலேதான். எனவே அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. டெட்டால்: ஹேண்ட்வாஷ் இல்லை, பிரவுன் நிற ஆன்டிசெப்டிக் திரவம். மாடல் செய்பவர்களிடையே உலகம் முழுக்கப் பிரபலமான வழி இது. அதில் உள்ள பைன் எண்ணெய் வகைப் பொருளும் ஆல்கஹாலும் பெயின்ட்டை இளக்குகின்றன. தண்ணீர் கலக்காமல் சில மணி நேரம் ஊற வைக்கலாம், 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஒரே ஒரு ரூல் முக்கியம். இளகிய பெயின்ட்டை டெட்டாலிலேயே பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்த பிறகுதான் தண்ணீர் படலாம். டெட்டாலில் தண்ணீர் சேர்ந்தால் பால் மாதிரி ஆகுமே, அந்த நேரத்தில் பெயின்ட் இன்னும் மாடல் மேல் இருந்தால் தார் போல ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பூனை இருந்தால் இந்த வழியே வேண்டாம். டெட்டாலில் உள்ள குளோரோசைலினால் பூனைகளுக்கு விஷம்.

3. பிரேக் ஃப்ளூயிட்: பைக் டேங்கில் இது சிந்தினால் மெக்கானிக் பதறிப்போய்த் துடைப்பார், பெயின்ட் உரிந்துவிடும் என்று. அந்தக் குணம்தான் இங்கே உதவுகிறது. பழைய எனாமலுக்கு ஏற்றது. டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கணும். டாட் 5 சிலிக்கான் வகை, அது பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. உள்ளே போனால் விஷம் என்பதால் கையுறை கட்டாயம், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

4. காஸ்டிக் சோடா உள்ள கிளீனர்கள்: அடைப்பு எடுக்கும் பொடி, அவன் கிளீனர் போன்றவை எனாமலின் பிணைப்பை உடைக்கும். ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டாலே பார்வைக்கு ஆபத்து. குரோம் பூச்சு உள்ள பம்பர், சக்கர மூடி எல்லாவற்றிலும் பளபளப்பு போய்விடும், அது மெல்லிய அலுமினியப் படலம் என்பதால். முதல்முறை செய்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

எதையும் எதோடும் கலக்காதீங்க. ஒன்று வேலை செய்யவில்லை என்றால் மாடலைக் கழுவி உலர்த்திய பிறகுதான் அடுத்தது.

ஸ்டெப் பை ஸ்டெப்

• எல்லா கோணத்திலும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. எந்த நிறம் எங்கே இருந்தது என்பது பிறகு தேவைப்படும்.

• ஜன்னல், ரப்பர் டயர், உலோகக் கம்பி போன்றவற்றைக் கழற்றுங்க. சூப்பர் க்ளூவில் ஒட்டிய இடங்கள் ஊறும்போது விட்டுவிடலாம், சின்ன பாகங்களைத் தொலைக்காமல் டப்பாவில் போட்டு வைங்க.

• பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போகக் கழுவுங்க.

• மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் ஊற வைங்க. பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கணும். 6 என்றால் அதுவும் பாலிஸ்டைரீன்தான், வேண்டாம்.

• ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்க. பெயின்ட் சுருங்கி எழும்பினால் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்க. கோடுகளுக்குள் உள்ளதைப் பல் குத்தும் மரக் குச்சியால் எடுங்க. ஊசி, பிளேடு கூடாது.

• முழுசாகப் போகவில்லை என்றால் அழுத்தித் தேய்க்காமல் மறுபடி ஊற வைங்க.

• கடைசியாக சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர விடுங்க. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் மெல்லிய இறக்கைகள் வளைந்துபோகலாம். கொதிநீரும் கூடாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என்று கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல்தான் அறிவிக்கப்பட்டன. பொம்மைகளுக்குத் தரக் கட்டாயம் 2021 ஜனவரி 1 முதல்தான் அமலில் இருக்கிறது. பரணில் இருந்து இறங்குவது அதற்கெல்லாம் ரொம்ப முந்தையது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, அதிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது நேரடி ஆபத்து. காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் ஃபேன் காற்றில் வீடு முழுக்கப் பரவும். ஊற வைத்து ஈரமாக எடுப்பதுதான் பாதுகாப்பு. வேலையைச் சமையலறை சிங்க்கில் செய்ய வேண்டாம், பயன்படுத்திய பிரஷ் திரும்ப பாத்ரூமுக்குப் போகவும் வேண்டாம்.

மிச்சத் திரவத்தை எங்கே கொட்டுவது?

தெருவில் உள்ள மழைநீர் வடிகாலில் நிச்சயமாக இல்லை. ஆதம்பாக்கம் ஏரியில் இருந்து புறப்படும் வீராங்கல் ஓடை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் போய்ச் சேர்கிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அதே சதுப்புநிலம்தான்.

பெயின்ட் கசடை பழைய செய்தித்தாளில் வடித்து உலர விடுங்க. 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு வகையில் சேர்த்திருந்தன. கசடும் அப்படித்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் கலக்காமல் தனியாகக் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. கட்டாமல் கொடுத்தால் அதை வெறும் கையால் தொடப்போவது அவர்தான். வடித்த ஆல்கஹாலையும் பிரேக் ஃப்ளூயிட்டையும் மூடி வைத்து இன்னொரு மாடலுக்குப் பயன்படுத்தலாம்.

எடுக்காமலே விடுவது எப்போது?

பிளாஸ்டிக் மஞ்சளித்து, தொட்டாலே நொறுங்குகிறது என்றால் ஊற வைக்காதீங்க. தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடித்து வந்த பழைய பொருள் என்றாலும் யோசிங்க, சேகரிப்பவர்கள் அசல் பெயின்ட்டுக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள்.

அதையும் தாண்டி வீட்டில் ஒரு கேள்வி கேட்டுடுங்க: இதை அடிச்சது யாரு? கோணல்மாணலாக இருக்கும் அந்த பிரஷ் கோடு பத்து வயதில் அப்பா போட்டதாக இருக்கலாம். புது பெயின்ட்டை எப்போ வேணும்னாலும் அடிக்கலாம். அப்படி ஒரு கோடாக இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, அப்படியே ஷெல்ஃபில் வெச்சுடுங்க.