அரிவாள்மணைக் காயமும் அவசர சிகிச்சையும்

அரிவாள்மணையில் ஒரு தடவையாவது கையை நறுக்கிக் கொள்ளாத பெண்மணி உண்டா? காயத்தை விட, அதற்குப் பிறகு நடக்கும் கைவைத்தியம்தான் வேடிக்கை! ஒருவர் காப்பிப் பொடியை அப்பச் சொல்வார். இன்னொருவர் மஞ்சள் பொடி என்பார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாமே" என்றால் மட்டும், "இதற்குப் போய் ஆஸ்பத்திரியா? நாள் பூராவும் காத்துக் கிடக்க வேண்டுமே!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

சென்ற மாதம் எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் பரங்கிக்காய் நறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலை ஆழமாக வெட்டிக் கொண்டார். தையல் மிஷின்தான் அவருக்கு ஜீவனம். ரவிக்கை தைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். "விரல் மடங்காமல் போயிட்டா என்ன பண்ணுவேன்?" என்று அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி, சென்னையிலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போனேன்.

வாசலிலேயே ஒரு நர்ஸ் காயத்தையும் நாடியையும் பார்த்துவிட்டு, பச்சைப் பகுதிக்குப் போகச் சொன்னார். அதென்ன பச்சை? உயிருக்கு ஆபத்தானவர்களுக்குச் சிவப்பு, அதற்கு அடுத்த நிலைக்கு மஞ்சள், சற்றுக் காத்திருக்கக் கூடியவர்களுக்குப் பச்சை என்று பிரிக்கிறார்கள். ரேஷன் கடை க்யூ வேறு, இந்த க்யூ வேறு! நெப்போலியன் படையிலிருந்த லாரே என்ற டாக்டர், சிப்பாயின் பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை செய்தார். அதிலிருந்து வளர்ந்த முறை இது. ஆகவே, உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். பச்சை என்றால் உங்கள் உயிருக்குப் பயமில்லை என்றல்லவா அர்த்தம்?

முக்கால் மணி நேரத்தில் எங்கள் முறை வந்தது. இளம் லேடி டாக்டர் உடனே ஊசியை எடுத்துவிடவில்லை. விரலை ஒவ்வொரு கணுவாக மடக்கச் சொன்னார், நுனியில் பஞ்சால் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். விரலை மடக்கும் தசைநாணோ, உணர்ச்சி நரம்போ அறுபட்டிருக்கிறதா என்பதற்கே இந்தச் சோதனை. "ரெண்டும் நல்லா இருக்கு. பழையபடி மிஷின் தைக்கலாம்" என்று அவர் சொன்னதும் அம்மாளின் கண்கள் கலங்கிவிட்டன. பிறகு காயத்தைக் கழுவி, மரத்துப் போக ஊசி போட்டு, நான்கு தையல் போட்டார். கடைசியாக ஒரு தடுப்பூசி. துருப்பிடித்த இரும்பால்தான் டெட்டனஸ் வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கிருமி வாசம் செய்வது மண்ணிலும் புழுதியிலும்! செலவு? ஒரு பைசா இல்லை. பத்து நாளில் தையலைப் பிரித்தார்கள். இப்போது மிஷின் சத்தம் எங்கள் வீட்டு வரைக்கும் கேட்கிறது.

சகோதரிகளே, இதை மட்டும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சிறு வெட்டு என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவி, பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய் பிளந்திருந்தாலும், விரல் மடங்காவிட்டாலும், மரத்துப் போனாலும் தாமதிக்கலாகாது. பெரிய விபத்துக்கு 108 இருக்கிறது; தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார்.

காப்பிப் பொடியா? அது டிக்காஷனுக்கே இருக்கட்டும்!