பால் பொங்கும் வேளை

சேலத்துக்குத் தெற்கே, பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளியும் குண்டுமல்லியும் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நாட்களே வருஷத்தில் அதிகமாக உழைக்கும் நாட்களாக அமைந்துவிடுகின்றன. ஆயுத பூஜைக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னால் ஏறும் பூவின் விலை, பண்டிகை கழிந்ததும் இறங்கிவிடும்; ஆதலால் பனி விலகுமுன்பே காட்டில் இறங்கி, அரளி மொட்டு விரிவதற்குள் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காம்பைக் கிள்ளும்போது கசிகிற பால் விஷமுள்ளது. பறித்த கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் இருக்கும் ஜாக்கிரதை அவர்களுக்குப் பழக்கமாகவே ஊறியிருக்கிறது. மனம் மறுநாள் விருந்தை நாடிப் போனாலும், விரல்நுனியில் இருக்கும் வேலை அதை மறுபடி செடிக்கே திருப்பிவிடுகிறது.

சென்னையை அடுத்த கிளாம்பாக்கத்திலும் பெங்களூரிலும் கூட்டத்தில் முண்டியடித்துப் பஸ் ஏறி, இரவெல்லாம் கண் விழித்து ஊர் வந்து சேருகிறவர்களுக்கு மனம் இருக்குமிடத்திலேயே நிலைக்கும் இந்தப் பாக்கியம் எளிதில் கிட்டுவதில்லை. உடம்பு திண்ணையில் அமர்ந்திருக்கும்போதே மனம் திரும்பிப் போகும் டிக்கெட்டையும், யார் வீட்டுக்குப் போகாவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. 2010-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர், 2,250 பேரிடம் கைப்பேசி வாயிலாக அவ்வப்போது விசாரித்ததில், விழித்திருக்கும் வேளையில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் கைக்காரியத்தை விட்டு அலைந்தே கழிகிறது என்று தெரியவந்தது. இனிய விஷயங்களை எண்ணி அலைந்தபோதுகூட, செய்யும் காரியத்தில் லயித்திருந்தவர்களைவிட அவர்கள் அதிகச் சந்தோஷம் அடைந்துவிடவில்லை என்பதே அந்த ஆராய்ச்சியில் என் சிந்தையைக் கவர்ந்தது. பண்டிகையைப் பற்றிய கனவு பண்டிகைக்கு ஈடாகாது என்பதல்லவா அதன் தாத்பரியம்!

அதற்காக அலையும் மனத்தையெல்லாம் குற்றம் சொல்வதும் நியாயமன்று. அந்த வருஷத்தில் ஒரு மரணம் நேர்ந்த வீட்டில் பொங்கல் வைப்பதில்லை என்னும் வழக்கத்தை நம் பெரியவர்கள் ஏற்படுத்தியதில் ஆழ்ந்த கருணை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. துக்கத்தில் இருப்பவர் பிறருக்காகச் சிரிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே இல்லை. இழந்தவரை நினைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பதும் அன்றைய தினத்தில் முழுமையாக இருப்பதுதான்.

மற்ற வீடுகளுக்கோ, மனத்தை நிலைநிறுத்தும் உபாயம் பண்டிகையின் சம்பிரதாயங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. போகியன்று மாலை சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் காப்புக் கட்டுகிறார்கள். வெண்மையான பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றை ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாணத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் கிணற்றடியிலும் வயல் மூலையிலும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு போவார்கள். கட்டாக விலைக்கு வாங்கி வாசலில் ஒன்றை மாட்டிவிடவும் இப்போது வசதி உண்டு; ஆனாலும் மேட்டுக்காட்டில் நடந்து பூளை பறித்து, தன் வீட்டுக்கு எத்தனை வாசல், தன் நிலத்துக்கு எத்தனை மூலை என்று காலால் அறிந்துகொண்டு வரும் பட்டணத்துப் பேரனுக்கு, அந்த ஒரு மாலை நேரத்தில் ஊர் மறுபடி சொந்தமாகிறது.

இதைவிட நுட்பமானது பானையைச் சுற்றி அமைந்த ஏற்பாடு. நல்ல நேரம் பார்த்து அடுப்புப் பற்றவைக்கலாம். பால் பொங்கும் க்ஷணத்தை மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் குறித்துக் கொடுக்க இயலாது. விறகு ஈரமா, காற்று எந்தப் பக்கம், பானை எவ்வளவு பெரிது என்பவற்றைப் பொறுத்தே அது வரும். எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்க வேண்டுமே! ஆகவே பாட்டி முதல் குழந்தை வரை வாசலில் நின்று ஒரே பானையின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குக்கரில் பொங்கல் வைப்பவர்கள் விசில் கேட்டு வந்தால் போதும். பொங்கல் குறைவறக் கிடைத்துவிடும், காத்திருத்தல் போய்விடும். மாடிவீட்டில் குடியிருந்தாலும், மூடாத ஒரு பாத்திரத்தில் பால் வைத்துக் குடும்பத்தோடு சுற்றி நிற்கும்படி நான் கேட்டுக்கொள்வேன்.

கைப்பேசியை என்ன செய்வது? அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை நேரவில்லை. எனவே படமே வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனமில்லை. பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தையோ, மாட்டுப் பொங்கலன்று புதுவர்ணம் பூசிய ஒற்றைக் கொம்பையோ பக்கத்தில் போய் நிதானமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நுரை எழும்பத் தொடங்கியதும் கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு, அடுப்படிக்கு வந்து மற்றவர்களோடு சேர்ந்து கூவலாம்.