புலி அடித்த மாட்டுக்கு யார் பொறுப்பு?

2023 செப்டம்பரில் நீலகிரி மாவட்டத்தின் அவலாஞ்சி அணைப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அருகில் ஒரு மாட்டின் உடலும் கிடந்தது. அதில் பூச்சிமருந்து கலந்திருந்தது. தன் மாட்டைப் புலி அடித்துவிட்ட ஆத்திரத்தில் மருந்து வைத்ததாக மாட்டுக்காரர் கைது செய்யப்பட்டார். மாடு போனது, புலிகள் போயின, ஒரு குடும்பம் வழக்கில் சிக்கியது. இப்படி நடக்காமல் தடுப்பதற்கென்றே அரசிடம் ஓர் ஏற்பாடு உண்டு. காட்டு விலங்கு அடித்த கால்நடைக்கு வனத்துறை வழியாகத் தரப்படும் நிவாரணத் தொகைதான் அது. அது எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்குகிறது, வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

அரசு ஏன் பணம் தர வேண்டும்?

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் சிறுத்தையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையில் உள்ள விலங்கைக் கொல்ல வேண்டுமானால், அது மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது பிழைக்க முடியாத நோயிலோ காயத்திலோ கிடக்கிறது என்று மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் ஆணையிட வேண்டும். பட்டியில் புகுந்து பத்து ஆட்டைக் கடித்துப் போட்டது என்பது அதற்குப் போதுமான காரணம் ஆகாது. ஆட்டுக்காரர் தானே கணக்குத் தீர்க்கப் போனால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

இந்தச் சட்டம் தேவையானது. ஆனால் புலி வேண்டும் என்பது நாடு முழுவதும் சேர்ந்து எடுத்த முடிவு. அதற்கான விலையைக் கொடுப்பவர்களோ காட்டோரத்தில் நாலு ஆடும் ஒரு கறவை மாடும் வைத்திருப்பவர்கள். அந்தச் சுமையில் மற்றவர்களும் தோள் கொடுப்பதுதான் நிவாரணம். இது யாரும் இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல, நாம் அவர்களுக்குப் பட்ட கடன்.

29 மாநிலங்களின் நடைமுறைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கால்நடை இழப்புக்கு 26 மாநிலங்கள் பணம் தருகின்றன. மனித உயிரிழப்புக்கான தொகையை மத்திய அரசு 2023இல் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கால்நடைக்கான தொகையை அந்தந்த மாநிலமே அரசாணை மூலம் வகுத்துக்கொள்கிறது. அதனால் எல்லையின் இந்தப் பக்கம் செத்த மாட்டுக்கு ஒரு தொகையும் அந்தப் பக்கம் செத்த மாட்டுக்கு வேறொரு தொகையும் கிடைக்கும்.

ஆடோ மாடோ அடிபட்டால் முதலில் என்ன செய்வது?

உடலை இருந்த இடத்திலேயே விடுங்கள். தோலை உரிப்பது, இழுத்துப் போடுவது, புதைப்பது எதுவும் வேண்டாம். அந்த உடல்தான் உங்கள் சாட்சி.

கைப்பேசியில் படம் எடுங்கள். கழுத்துக் காயம், சுற்றியுள்ள காலடித் தடம், இழுத்துச் சென்ற தடம், பட்டியில் உடைந்த இடம் எல்லாம் படத்தில் வர வேண்டும். மழை வரும்போல இருந்தால் காலடித் தடத்தை ஒரு சட்டியால் மூடி வையுங்கள்.

அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனக்காப்பாளர், வனவர், ரேஞ்சர் ஆபீஸ் என யார் முதலில் கிடைக்கிறார்களோ அவர்களிடம் சொல்லலாம். வாயால் சொன்னதோடு நிற்காமல், எழுத்தில் ஒரு மனுவும் கொடுத்து அதன் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வனத்துறையினர் வந்து பார்த்து மகஜர் எழுதுவார்கள். கால்நடை மருத்துவர் உடலைச் சோதித்துச் சான்று தருவார். இந்த இரண்டோடு அடையாளச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும் சேர்ந்தால்தான் கோப்பு நகரும்.

என்ன ஆத்திரம் இருந்தாலும் உடலில் மருந்து வைக்காதீர்கள். அது புலியோடு நிற்காது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் இப்படிப்பட்ட உடல்களைத் தின்றால் கூட்டமாகச் சாகும்.

அடித்தது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நிவாரணத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். நோயில் செத்த மாட்டைப் பிறகு சிறுத்தை வந்து தின்றிருக்கலாம். தெருநாய்க் கூட்டம் கடித்திருக்கலாம். சிறுத்தையோ புலியோ பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். கோரைப்பல் இறங்கிய துளைகள் அங்கே தெரியும். செந்நாயும் தெருநாயும் கூட்டமாகப் பாய்வதால் தொடை, பின்பக்கம், வயிறு என்று பல இடங்களில் கிழிசல் இருக்கும். காயத்தைச் சுற்றித் தோலை விலக்கிப் பார்த்தால் அடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று தெரியும். கட்டியிருந்தால் உயிரோடு இருந்தபோதே கடிபட்டது என்று பொருள். செத்த உடலைக் கடித்தால் அப்படிக் கட்டாது.

இவையெல்லாம் உடல் கெட்டுப்போவதற்குள் பார்க்க வேண்டியவை. கோடையில் ஒரு நாள் தாமதித்தாலே பாதி சாட்சி அழிந்துவிடும்.

எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல், உடல் கிடைக்காத இழப்பு. மேயப் போன கிடாய் மாலையில் திரும்பவில்லை என்றால், சிறுத்தை தூக்கிப்போனது ஊருக்கே தெரிந்தாலும் காகிதத்தில் அது காணாமல்போன ஆடுதான்.

இரண்டாவது, மேய்ந்த இடம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மேய்ந்த கால்நடைக்குப் பணம் கிடையாது என்பது பல மாநிலங்களின் விதி. தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் மேய்த்துவந்தவர்களை இது வெளியே நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது, தொகைக்குள் அடங்காத நட்டம். கறவை மாடு செத்தால் மாட்டின் விலையோடு, அன்றாடம் சொசைட்டிக்கு ஊற்றிய பாலும் வயிற்றிலிருந்த கன்றும் சேர்ந்தே போகின்றன. ஆபீசுக்கு அலையும் நாட்களில் கூலியும் போகிறது. பல மாதம் கழித்து வரும் பணம் இதில் எதையும் ஈடுகட்டுவதில்லை. அலைச்சலுக்குப் பயந்து மனுவே போடாமல் விடுகிறவர்களும் உண்டு. இதற்காகவே கர்நாடகத்தில் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளைச் சுற்றி 2015 முதல் ‘வைல்டு சேவே’ என்ற சேவை இயங்குகிறது. கட்டணமில்லாத எண்ணுக்கு அழைத்தால் பணியாளர் வீட்டுக்கே வந்து மனுவை எழுதித் தருவார்.

நாய்க்கு உண்டா?

சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தையின் எச்சத்தை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தபோது, அது தின்ற இறைச்சியின் எடையில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகளுடையது என்று தெரிந்தது. நாய் மட்டுமே 39 விழுக்காடு. அப்படியிருந்தும் நம் நாட்டு நிவாரணப் பட்டியல்களில் நாய் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கிடைக்காவல் நாய் போனால் அடுத்த இரவே ஆடுகளுக்குக் காவலில்லை. அதைப் பட்டியலில் சேர்ப்பதே நியாயம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஓநாயால் சாகும் கால்நடைக்கும் நாய்க்கும் 1985 முதல் பணம் தருகிறது. ஒரு நாய்க்கு 2,500 டாலர் வரை கிடைக்கும். கரடி வேட்டைக்குப் பழக்கும் நாய்கள் கோடையில் ஓநாய்க் குட்டிகள் இருக்கும் இடத்துக்குள் ஓடிப்போய்ச் சாவது அங்கே வழக்கம். அதனால் நாய் செத்த இடங்களை அரசே அறிவித்து, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அந்த மாநிலத்து மக்களிடம் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமான ஒன்றைச் சொன்னது. பணம் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிட ஓநாயை அதிகம் பொறுத்துக்கொண்டுவிடவில்லை. பணம் நியாயத்தைச் செய்யும், அதனாலேயே மனம் மாறிவிடாது.

வேறு வழிகள் உண்டா?

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கிப்பர் என்ற மலையூர். அங்கும் பக்கத்து ஊர்களிலும் பனிச்சிறுத்தையும் ஓநாயும் 18 மாதத்தில் கால்நடைகளில் 18 விழுக்காட்டை அடித்ததாக மக்கள் சொன்னார்கள் என்று ஆய்வாளர் சாருதத் மிஸ்ரா 1997இல் எழுதினார். மக்கள் சொன்ன நட்டத்தில் அரசு ஈடுகட்டியதோ வெறும் 3 விழுக்காடு. பின்னர் ஊர்க்காரர்களே ஒரு காப்பீட்டு நிதியைத் தொடங்கினார்கள். குடும்பங்கள் தவணை கட்டும், வெளியிலிருந்தும் நிதி சேரும், கோரிக்கை உண்மையா என்று ஊர்க் குழுவே முடிவு செய்யும். யாருடைய யாக் எங்கே மேய்ந்தது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும் என்பதால் பொய்க் கணக்கும் வராது, மெய்க் கணக்கு தள்ளிப்போகவும் செய்யாது.

சுவீடன் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே சாமி பழங்குடியினரின் கலைமான்கள் பரந்த மலைகளில் திரிவதால் செத்த உடல் கிடைப்பதே அரிது. எனவே 1996 முதல் செத்த மானை எண்ணுவதை விட்டுவிட்டு, அப்பகுதியில் லின்க்ஸ் பூனையும் வுல்வரின் என்ற ஊனுண்ணியும் எத்தனை முறை குட்டி போட்டன என்று எண்ணிப் பணம் தருகிறார்கள். ஓர் ஈற்றுக்கு 2 லட்சம் குரோனா என்று வகுத்து, அதை மேய்ச்சல் சமூகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கிறார்கள். உடலைத் தேடி அலைய வேண்டாம். மந்தையை நன்றாகக் காத்தாலும் பணம் குறையாது. அந்த விலங்கு உயிரோடு இருப்பதே வருமானம் ஆகிறது.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் வேகம். சோதனை அன்றே முடிந்தால், ஒரு பங்குத் தொகையைச் சில நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் போட்டு, மீதியைக் கோப்பு முடிந்தபின் தரலாம். அடுத்தது வெளிப்படைத் தன்மை. எந்த விலங்குக்கு எவ்வளவு, என்னென்ன சான்று வேண்டும் என்ற பட்டியல் காட்டோரத்து ஊராட்சி அலுவலகம் ஒவ்வொன்றிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மூன்றாவது, தடுப்பு. சிறுத்தை மூடிய பட்டிக்குள் இறங்கினால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். மேலே கம்பிவலை போட்டு, உறுதியான கதவு வைத்த பட்டி கட்ட உதவினால் ஆண்டுக்காண்டு தரும் நிவாரணமே குறையும். கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகப் போட்டு மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பலாம். காட்டையும் புலியையும் நேசிக்கும் நகரத்துக்காரர்களும் இந்தக் கோரிக்கையோடு நிற்க வேண்டும். ஏனென்றால் பட்டியில் ஆடு செத்த வீட்டுக்கு நேரத்தில் பணம் போய்ச் சேர்வதும் புலியைக் காக்கும் வேலைதான்.