கோடு வந்தால் நல்லது

காசிமேட்டில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கப்பலில் சேரப்போகிறான். அடுத்த வாரம் மெடிக்கல். எதற்கும் நாமே ஒருதரம் பார்த்துவிடலாம் என்று போதைப்பொருள் சோதனைக் கிட் ஒன்றை வாங்கிவந்து, யூரினில் தோய்த்துவிட்டு, வெளுத்த முகத்தோடு டீக்கடைக்கு வந்தான். "அண்ணா, எல்லாத்துலயும் ரெண்டு கோடு வந்துடுச்சு!" இரண்டு டீ சொல்லிவிட்டு உட்காரவைத்தேன்.

அவன் பயம் நியாயமானதுதான். கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு என்றால் 'இருக்கிறது'. நமக்குப் பழகிய கணக்கு அது. போதைப்பொருள் ஸ்ட்ரிப்பில் கணக்கு தலைகீழ். இரண்டாவது கோடு வந்தால், அது மங்கலாக வந்தாலும், 'இல்லை' என்று பொருள். வராமல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் இப்படி? விடியற்காலை மீன் ஏலத்தை நினைத்துக்கொள்வோம். வஞ்சிரம் மட்டுமே வாங்கும் கூடைக்காரம்மாக்கள் கூட்டமாக வருகிறார்கள். ஓரிடத்தில் வஞ்சிரம் குவித்துவைத்திருக்கிறது. காலிக் கூடையோடு வந்தவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூட்டம் ஒரு கோடாகத் தெரியும். வரும் வழியிலேயே கூடை நிறைந்துவிட்டால் நிற்காமல் போய்விடுவார்கள், கோடு விழாது. ஸ்ட்ரிப்பில் அந்த அம்மாக்கள்தான் ஆன்டிபாடி, ஒரே ஒரு பொருளைத் தேடிப்பிடிக்கும் புரதம். கோடு விழும் இடத்தில் அந்தப் போதைப்பொருளையே கொஞ்சம் ஒட்டிவைத்திருக்கிறார்கள். வழியில் கூடையை நிரப்புவது நம் சிறுநீர். இன்னொரு கோடு, ஸ்ட்ரிப் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்கு. அது எப்போதும் வர வேண்டும். வராவிட்டால் ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பையனுக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்து அவன் கேட்டதில்தான் எல்லோருக்கும் இருக்கும் குழப்பம் இருக்கிறது. "அப்ப கோடு வரலன்னா அவன் போதை ஆசாமிதான்னு அர்த்தமா?"

இல்லை. விடியற்கால இருட்டில் வஞ்சிரம் என்று நினைத்துச் சீலாவைக் கூடையில் போட்டுக்கொள்வது உண்டு. ஆன்டிபாடியும் ஜாடையைப் பார்த்து ஏமாறும். வயிற்றெரிச்சலுக்கு நாம் விழுங்கும் ரானிடிடின், சில கிட்களில் ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருளாகத் தெரிந்திருக்கிறது. இன்னொரு வகை இதைவிட வேடிக்கை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதை. விதையில் போதை கிடையாது. காயின் பால் மேலே ஒட்டியிருந்தால் அதோடு மார்ஃபினும் கொஞ்சம் வரும். இங்கே ஸ்ட்ரிப் ஏமாறவில்லை, மார்ஃபின் நிஜமாகவே இருக்கிறது. போதைதான் இல்லை. அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனையில் ஒரு மில்லி சிறுநீருக்கு 300 நானோகிராம் என்று வைத்திருந்த வரம்பை 1998-ல் 2000 ஆக உயர்த்தியதற்கு இந்தக் கசகசாவும் ஒரு காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேர் உண்மையிலேயே போதைப்பொருள் எடுத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிப் அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது. மற்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைத் தவறாகக் காட்டுகிறது. தவறாக மாட்டியவர்களே கிட்டத்தட்ட முப்பது பேர்! கோடு வராத நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் எதுவும் செய்யாதவர்கள். ஸ்ட்ரிப் ஒரு சல்லடை, அவ்வளவுதான். சல்லடையில் நின்றதை எடுத்து ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் போடுவார்கள். அது ஜாடை பார்க்காது. மூலக்கூறை உடைத்துத் துண்டு துண்டாக எடை பார்க்கும். ரானிடிடின் அங்கே தப்பித்துவிடும். கசகசா தப்பிக்காது, மார்ஃபின் மார்ஃபின்தானே. அதற்கு ஒரு டாக்டர் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும்.

இதே குழப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு. 'நெகட்டிவ்' என்றால் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. வட சென்னையில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் டேபென்டடால் வலி மாத்திரை, சாதாரண மார்ஃபின் ஸ்ட்ரிப்பில் சிக்காது. வஞ்சிரம் தேடி வந்த அம்மா இறாலைத் திரும்பிப் பார்ப்பாளா?

சிறுநீர் நேற்றைய கதையைச் சொல்லும், இந்த நிமிடத்துக் கதையைச் சொல்லாது. கஞ்சாவின் தடயம் சில நாள், தொடர்ந்து புகைப்பவருக்குச் சில வாரம்கூட இருக்கும். சாராயம் அப்படியில்லை, மணிக்கணக்கில் இறங்கிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியை நிறுத்தி டிரைவரை ஊதச்சொல்வது அதனால்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். 1989 மார்ச் 24-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியபோது, கேப்டனிடம் ரத்தம் எடுக்கச் சுமார் பத்து மணி நேரம் ஆகிவிட்டது. போதையில் கப்பலை ஓட்டினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது. கப்பல் கம்பெனிகள் மது, போதைச் சோதனைகளை இறுக்கியது அந்த விபத்துக்குப் பிறகுதான்.

"அப்ப நான் என்ன பண்ணணும்?" என்றான் பையன். கடைசி இரண்டு வாரத்தில் விழுங்கிய மாத்திரை, குடித்த இருமல் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் முதலிலேயே கொடுத்துவிடச் சொன்னேன். முடிவு வந்தபிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

டீ கிளாஸை வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை குருமாவில் கசகசா வேண்டாம், முந்திரி போதும் என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. ஏன் என்று அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். மீன் ஏலத்திலிருந்து ஆரம்பித்தான்.