மென்பொருட் கொள்கலனும் சார்பும்

மென்பொருட் கொள்கலன் பற்றிய கைந்நூல்கள் பெரும்பாலும் கட்டளைகளைத் தொகுத்துரைப்பதோடு அமைந்துவிடுகின்றன. அக்கட்டளைகளின் பின்னுள்ள உழைப்பையும் உடைமையையும் நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

எந்நிரலும் தனித்து இயங்குவதில்லை. பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் பலவற்றைச் சார்ந்தே அது இயங்குகின்றது. ஒரு கணினியில் இயங்கியது மற்றொன்றில் இயங்க மறுப்பது பெரும்பாலும் இச்சார்புகள் வேறுபடுவதனாலேயாம். 2013இல் வெளிவந்த டொக்கர் என்னும் கருவி, நிரலையும் அதன் சார்புகளையும் ஒரே பொதியாகக் கட்டுகின்றது. இப்பொதி படிமம் எனப்படும். இயங்குநிலையில் அதுவே கொள்கலன். முழுக் கணினியொன்றின் போலியன்று அது. லினக்ஸ் இயங்குதளத்தினுள் வேலியடைத்து விடப்பட்ட ஒரு செயலே. ‘டொக்கர் புல்’ எனத் தட்டெழுதினால் படிமம் அடுக்கடுக்காக இறங்கும். ‘டொக்கர் ரன்’ என்றால் இயங்கும். ‘கொம்போஸ்’ கோப்பில், தரவுத்தளம் முன்னர், செயலி பின்னர் என முறைப்படுத்தலாம். தொடங்கியது என்பது ஆயத்தமாயிற்று என்றாகாது. ஆயத்தநிலையைச் சோதிக்கும் விதியைத் தனியே எழுதவேண்டும்.

இவ்வளவாலும் சார்பு ஒழிந்துவிடவில்லை. பண்டத்தினுள் உழைப்பு மறைவதுபோல் மறைந்துள்ளது. பொதிக்குள் செல்லும் நூலகங்களுட் பல ஊதியமின்றி எழுதப்பட்டவை. 2016இல் ‘லெவ்ட்-பாட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியத்திலிருந்து மீட்டுக்கொண்டபோது, அதனை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டியெழுப்ப இயலாது போயிற்று.

களஞ்சியமோ தனியுடைமை. 2020 நவம்பர் தொட்டு டொக்கர் நிறுவனம், பெயர் பதியாதோர் ஆறு மணிநேரத்தில் 100 தடவையே படிமம் இறக்கலாமென வரையறுத்தது. கணக்கு ஆளைக்கொண்டன்று, வலைமுகவரியைக்கொண்டு. ஒரே முகவரியால் வெளியுலகை அடையும் கல்விக்கூடமொன்றில் ஓரிரு வகுப்புகளே அவ்வெல்லையைத் தொட்டுவிடும்.

1990களில் எரிபொருளும் மின்கலமும் உரமும் தடுக்கப்பட்ட வன்னியில், பிறர் கையிலுள்ள வாயிலை நம்பி வாழ்வதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. போர்க்காலத் தடையோடு வணிக வரையறையை ஒப்பிடுதல் மிகையே. எனினும் வாயில் யார் கையில் என்னும் வினா இரண்டுக்கும் பொது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தார்க்கும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவினர்க்கும் இது ஏட்டளவான வினாவன்று.

செய்யத்தக்கன உள. ஒருமுறை இறக்கிய படிமத்தை உள்ளகக் களஞ்சியத்தில் வைத்து அனைவரும் எடுக்கலாம். இணையம் நலிந்தவிடத்து ‘டொக்கர் சேவ்’ கட்டளையாற் கோப்பாக்கிக் கையிற் கொண்டுசென்று, ‘டொக்கர் லோட்’ கட்டளையால் ஏற்றலாம். திறந்த மூலக் கருவியாகிய பொட்மன் இக்கட்டளைகளுட் பெரும்பாலானவற்றை அவ்வாறே ஏற்கும். ‘லேற்றஸ்ற்’ என்னும் அடையாளத்தை நம்பாது பதிப்பெண்ணைக் குறித்தெழுதுக. அவ்வடையாளம் இன்று சுட்டும் படிமத்தையே நாளையும் சுட்டும் என்பதற்கு உறுதியில்லை.